எந்த மிகுபுனைவுத் தொடருக்கு நம் ஆண்டுகளைக் கொடுக்கலாம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் அருகே, பீனிக்ஸில் வசிக்கும் ஒரு தாயார் கேட்ட கேள்விக்கு இங்கே பதில் எழுதுகிறேன். 15 வயதான அவருடைய மகள் ஹாரி பாட்டர் நூல்கள் ஏழையும் இரண்டு முறை படித்து முடித்துவிட்டு, அடுத்து எந்த மிகுபுனைவுத் (ஃபேண்டசி) தொடரைத் தொடங்கலாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். பள்ளித் தோழிகள் ஆளுக்கொரு பெயரைச் சொல்கிறார்கள். தாய்மாமனோ, இவையெல்லாம் வெள்ளைக்காரர்களின் கோட்டைக் கதைகள், அந்த நேரத்தில் வரலாறு படித்தாலாவது பயனுண்டு, இல்லையேல் தமிழ் வகுப்புப் பாடத்தைப் பார்க்கலாம் என்கிறார். எந்தத் தொடர் படிக்கத் தகுந்தது, எது காலத்தை விழுங்கிவிட்டு வெறுங்கையோடு அனுப்புவது, நம் வீட்டுப் பிள்ளைக்கு அவற்றில் என்ன இருக்கிறது என்று அந்தத் தாயார் கேட்டிருக்கிறார்.

அம்மா, இது கவனமாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. நாவல் ஒன்றைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் ஒரு வாரம் போகும். தொடர் ஒன்றைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் ஓர் ஆண்டே போய்விடும். டர்பனில் பள்ளி நூலகம் ஒன்றைப் பல ஆண்டுகள் கவனித்துக்கொண்டவன், சிறுவயது முதல் இவ்வகை நூல்களை விடாமல் படித்துவருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தொடரின் நீளம், போர்களின் எண்ணிக்கை, முன்பக்கத்தில் மடித்து வைத்திருக்கும் வரைபடத்தின் அளவு ஆகியவற்றை வைத்து நான் எதையும் மதிப்பிடுவதில்லை. அந்த உலகத்தில் மந்திரத்தைக் கையில் எடுப்பவன் அதற்காக எதை இழக்கிறான் என்று மட்டும் பார்க்கிறேன். இழப்பே இல்லாத மந்திரம் வாண வேடிக்கை போன்றது. பார்த்து மகிழலாம், ஆனால் பத்துத் தொகுதிகள் வரை பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

இந்த அளவுகோலை நான் ஆங்கில விமரிசகர்களிடமிருந்து கற்கவில்லை. இந்நாட்டில் நம்மவர்கள் 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று பெயர் மாற்றி அழைத்த தெருக்கூத்தை, கோயில் திருவிழாக்களில் விடிய விடிய உட்கார்ந்து பார்த்த தலைமுறையிடமிருந்து கற்றேன். எழுதப் படிக்கத் தெரியாத என் ஆயா கர்ணனின் கதையைச் சொல்லும்போது, பரசுராமரிடம் பொய் சொல்லிப் பெற்ற வித்தை உயிர் போகும் நேரத்தில் நினைவுக்கு வராமல் போனதை ஒருநாளும் விட்டதில்லை. பஸ்மாசுரன் வாங்கிய வரம் அவன் தலையிலேயே விடிந்தது. வாங்கிய வரத்துக்கு வட்டி கேட்காத கதையை நம் முன்னோர் கதை என்றே ஏற்றுக்கொண்டதில்லை. ஆகவே மிகுபுனைவு நமக்கு அந்நியமானது என்ற எண்ணத்தை உங்கள் அண்ணன் முதலில் கைவிட வேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் மகள் முதலில் படிக்க வேண்டியது உர்சுலா லெ குவின் எழுதிய 'எர்த்ஸீ' தொடர் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. முதல் நூலான 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ' 1968இல் வெளிவந்தது. மந்திரவித்தை கற்கும் பள்ளிக்கு ஒரு சிறுவன் போகிறான் என்பதுதான் அதன் தொடக்கமும். பாட்டர் நூல்களுக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் முந்தியது. கோண்ட் என்னும் மலைத்தீவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கெட் என்ற சிறுவன் ரோக் தீவின் பள்ளிக்கு வருகிறான். தன்னைவிட உயர்குடியில் பிறந்த ஒரு மாணவனிடம் தோற்றுவிடக் கூடாது என்ற செருக்கினால், செய்யக் கூடாத மந்திரத்தைச் செய்து ஒரு நிழலை இந்த உலகுக்குள் விட்டுவிடுகிறான். திறந்த வாசலை மூடுவதற்குப் பள்ளியின் முதுபெரும் தலைவர் தம் உயிரையே கொடுக்கிறார். கெட்டின் முகத்தில் நிரந்தரமான வடு விழுகிறது. ஒரு சிறுவனின் வீம்புக்கு இவ்வளவு பெரிய விலையா என்று படிப்பவர் திடுக்கிடும்போதே, அந்த உலகத்தின் நியதி அவருக்குள் இறங்கிவிடுகிறது. மீதிக் கதை முழுவதும் அவன் அந்த நிழலிடமிருந்து ஓடுவதும், பிறகு திரும்பி நின்று அதைத் துரத்துவதுமே. போர் இல்லை, படை இல்லை, வெல்வதற்கு ஓர் அரக்கனும் இல்லை. ஏறக்குறைய 200 பக்கங்களில் இவ்வளவும் முடிந்துவிடுகிறது.

இத்தொடரில் மந்திரம் என்பது பெயர் தெரிந்திருப்பதுதான். கல்லுக்கும் பருந்துக்கும் கடலுக்கும் மனிதனுக்கும் ஓர் உண்மைப் பெயர் உண்டு. அதை அறிந்தவனுக்கு அதன்மேல் அதிகாரம் உண்டு. அதனால் எல்லாரும் தம் உண்மைப் பெயரை மறைத்து, ஊருக்கு ஒரு பெயரை வைத்துக்கொள்கிறார்கள். நண்பன் ஒருவன் கெட்டிடம் தன் உண்மைப் பெயரைச் சொல்லிவிட்டுப் போகும் இடம், நான் படித்த நட்புக் காட்சிகளிலேயே மிகவும் உயர்ந்தது. 'தி டூம்ஸ் ஆஃப் அடுவான்' என்ற இரண்டாம் நூலில் (1971) டெனார் என்ற சிறுமியைத் தாய்வீட்டிலிருந்து பிரித்து, பெயரைப் பறித்து, விழுங்கப்பட்டவள் என்று பொருள்படும் வேறு பெயரிட்டு, இருண்ட சுரங்கக் கோயிலுக்குப் பூசாரியாக்கிவிடுகிறார்கள். அவளுக்கு விடுதலை என்பது இழந்த பெயர் திரும்பக் கிடைப்பதில் தொடங்குகிறது.

அம்மா, இந்த நூலை, டர்பன் அடங்கிய நேட்டாலில் பிறந்த தமிழர் படிப்பதற்கும் மற்றவர் படிப்பதற்கும் வேறுபாடு உண்டு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த 'ட்ரூரோ' கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது முதல் 1911 வரை, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக இங்கே கொண்டுவரப்பட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயரோ, தமிழ் தெரியாத எழுத்தர் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே பதிவேட்டில் ஏறியது. கவுண்டர் கோவெண்டர் ஆனதும் முதலி மூட்லி ஆனதும் ஆங்கில எழுத்தும் ஆங்கில நாவும் செய்த வேலை. ஒரு தாத்தாவின் தனிப்பெயர் பேரப்பிள்ளைகள் அனைவருக்கும் குடும்பப் பெயராக நிலைத்த வீடுகளும் நம்மிடையே பல உண்டு. எங்கள் குடும்பத்தில் மூத்தவர் ஒருவரின் பெயர் கப்பல் பட்டியலில் இருக்கும் வடிவத்தை எந்தத் தமிழ் வாயாலும் படிக்க முடியவில்லை. அது எந்தப் பெயராக இருந்திருக்கும் என்று நாங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். டெனாருக்குத் தன் பெயர் திரும்பக் கிடைத்த பக்கத்தை முதன்முதலாகப் படித்த இரவில், நான் நூலை மூடிவைத்துவிட்டு அந்தப் பட்டியலைத்தான் நினைத்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கெட் செம்பழுப்பு நிறத்தவன். அவனுடைய நண்பன் கறுப்பு நிறத்தவன். அந்தத் தீவுக்கூட்டத்தில் பெரும்பாலோர் கருநிறத்தவரே. கிழக்கே இருந்து வந்து கொள்ளையடிப்பவர்களே அக்கதையில் வெண்ணிறத்தவர்கள். லெ குவின் இதை முதற்பக்கத்தில் பறைசாற்றாமல், படிப்பவர் கெட்டோடு ஒன்றிப்போன பிறகு போகிற போக்கில் தெரிவிக்கிறார். அது 1968இல் ஓர் அமெரிக்க எழுத்தாளர் அறிந்தே செய்த காரியம். அப்படியிருந்தும் பல பதிப்புகளின் அட்டையில் கெட்டை வெள்ளையனாகவே வரைந்தார்கள்; 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடரிலும் அதுவே நடந்தது, அவர் அதை வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். இந்த நாட்டில், நிறத்தை வைத்து நூலக வாசல்கூடப் பிரிக்கப்பட்டிருந்த காலத்தில் வளர்ந்த எனக்கு, அந்த அட்டைப்படங்களைப் பார்க்கும்போது இன்றும் மனம் வலிக்கிறது.

மூன்றாம் நூலான 'தி ஃபார்தெஸ்ட் ஷோர்' (1972) மரணத்தைப் பற்றியது. 15 வயதுப் பிள்ளை படிக்கலாம், ஆனால் அவசரப்பட வேண்டாம். 18 ஆண்டுகள் கழித்து, 1990இல் வந்த 'டெஹானு' வேறு வகையானது. அங்கே கெட்டிடம் மந்திரமே எஞ்சியிருக்கவில்லை. நடுத்தர வயது விதவையான டெனார், கொடுமைக்கு ஆளாகித் தீயில் கருகிய ஒரு குழந்தையை வளர்க்கிறாள். முதல் மூன்று நூல்களிலும் பெண்களின் மந்திரத்தைத் தாமே தாழ்வாக எழுதிவிட்டதை உணர்ந்து, லெ குவின் தம் உலகத்தைத் தாமே விசாரணைக்கு உட்படுத்தியதாகவே அந்த நூலை நான் படிக்கிறேன். தன் தொடரின் பிழையைத் தன் தொடருக்குள்ளேயே திருத்திய எழுத்தாளர்கள் மிகச் சிலரே. அதை உங்கள் மகள் 17, 18 வயதில் படிக்கட்டும். அதற்கு முன் நீங்கள் படித்துவிடுங்கள்.

அடுத்ததாக டோல்கீன். அவருடைய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954, 1955 ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வந்தது. உண்மையில் அது ஒரே நாவல், போருக்குப் பிந்தைய காகிதத் தட்டுப்பாட்டினாலும் செலவினாலும் பிரித்து வெளியிடப்பட்டது. சிறுவனாக நான் அதன் இரண்டாம் தொகுதியை முதலில் படித்தேன். எங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட சிறிய கிளை நூலகத்தில் அது ஒன்றுதான் இருந்தது, அதற்கும் அட்டை இல்லை. யார் இவர்கள், எங்கே போகிறார்கள், அந்த மோதிரம் என்ன என்று எதுவும் தெரியாமலேயே, களைத்துப்போன இருவர் பாறைகளுக்கிடையே இறங்கிப் போவதைப் படித்துக்கொண்டு இருந்தேன். முதல் தொகுதி கிடைக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. அந்த இரண்டு ஆண்டும் அவர்கள் என் மனத்தில் நடந்துகொண்டேதான் இருந்தார்கள்.

டோல்கீன் நம் நாட்டில் பிறந்தவர் என்பது பலருக்கும் தெரியாது. 1892 ஜனவரி 3 அன்று புளூம்ஃபொன்டைனில் பிறந்தார். தந்தை அங்கே வங்கியில் பணியாற்றினார். மூன்று வயதில் தாயோடு இங்கிலாந்து போனவர் திரும்பி வரவில்லை, அடுத்த ஆண்டே தந்தை இங்கே இறந்துபோனார். அவர் பிறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, 1891இல், அந்த ஊரைத் தலைநகராகக் கொண்ட ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் குடியரசு, இந்தியர்கள் அங்கே குடியிருக்கவும் வணிகம் செய்யவும் தடை போட்டிருந்தது. அத்தடை 1980களின் நடுப்பகுதி வரை ஏதோவொரு வடிவில் நீடித்தது. ஜொகன்னஸ்பர்க் போகும் வழியில், அதே பகுதியைச் சேர்ந்த ஹாரிஸ்மித்தைக் கடக்கும்போது, இரவு தங்க முடியாது என்பதற்காக என் தந்தை தூக்கக் கலக்கத்தோடு வண்டி ஓட்டிக்கொண்டு போனது எனக்கு நினைவிருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவரின் கதை நமக்கு எதற்கு என்று ஒருவர் கேட்டால், அந்தக் கோபம் நியாயமானதே. ஆனால் 1959இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய பிரியாவிடை உரையில், மொழியையும் இலக்கியத்தையும் பிரித்துவைப்பதைக் கண்டிக்க வந்த டோல்கீன், இனஒதுக்கலின் மீதான வெறுப்பு தம் எலும்பிலேயே ஊறியிருப்பதாகச் சொன்னார் என்பதையும் அவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

நூலின் சிறப்புக்கு வருகிறேன். அணிபவருக்குப் பேராற்றல் தரும் அந்த மோதிரத்தை நல்லவர் ஒருவர் அணிந்து நல்லது செய்யலாமே என்ற எண்ணம்தான் கதையில் வரும் ஆபத்துகளிலேயே பெரியது. அறிவிலும் ஆற்றலிலும் உயர்ந்தவர்கள் ஒவ்வொருவராக அதை வாங்க மறுக்கிறார்கள், ஏனென்றால் தங்களிடம் வந்தால் அது இன்னும் கொடியதாகும் என்று அவர்களுக்குத் தெரியும். அதிகாரத்தை மறுப்பதையே வீரமாகக் கொண்ட ஒரு பெருங்கதை ஆங்கிலத்தில் அதற்கு முன் எத்தனை இருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நமக்கோ, முடியைத் துறந்து காட்டுக்குப் போனவனும், கையில் வந்த முடியைப் பாதுகையின் கீழ் வைத்துக் காத்தவனும் பழக்கமானவர்கள். கோல்லம் என்ற இழிந்த உயிரின்மேல் காட்டப்படும் இரக்கம் முடிவில் என்ன ஆகிறது என்பதை நான் சொல்லமாட்டேன். கதையை அறிந்துகொண்டு படிப்பதைவிட அந்த இடத்துக்கு நடந்துபோய்ச் சேர்வது நல்லது.

குறையும் உண்டு. தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வரும் கருநிற மனிதர்கள் எதிரிப் படையாகவே வருகிறார்கள், அவர்களுக்கென்று குரலில்லை. உங்கள் மகள் அதைக் கவனிப்பாள், கவனிக்கவும் வேண்டும். கவனிக்கும்போது, தெற்கத்திய வீரன் ஒருவன் செத்து விழுந்து கிடப்பதைப் பார்த்து, இவன் பெயர் என்ன, உண்மையிலேயே தீயவன்தானா, என்ன பொய்யைச் சொல்லி இவனை இவ்வளவு தூரம் கொண்டுவந்தார்கள் என்று தோட்டக்காரனான சாம் நினைக்கும் இரண்டாம் தொகுதிப் பக்கத்தையும் சேர்த்துப் படிக்கட்டும். முதல் நூறு பக்கங்கள் மெதுவாகப் போகும். இடையில் வரும் பாடல்களை முதல் வாசிப்பில் தாண்டிப் போவதில் தவறில்லை. டோல்கீனின் மறைவுக்குப் பின் 1977இல் மகன் தொகுத்து வெளியிட்ட 'தி சில்மரில்லியன்' நூலை இப்போது கொடுக்காதீர்கள். அது புராணம் படிப்பதுபோல் படிக்க வேண்டியது.

ஆப்பிரிக்க மண்ணிலேயே வேர்கொண்ட ஒரு தொடரும் வேண்டுமென்றால், ந்னெடி ஒகோராஃபோரின் 'அகாட்டா விட்ச்' (2011) உங்கள் மகளின் வயதுக்கு ஏற்றது. அமெரிக்காவில் பிறந்து நைஜீரியாவில் வாழும் சன்னி என்ற சிறுமி, பிறவியிலேயே தோல் வெளிறியவள், எங்கேயும் முழுதாகச் சேராதவள். எந்த ஊருக்கும் முழுச் சொந்தமில்லை என்ற உணர்வு நம் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. தென்கிழக்கு நைஜீரியாவில் உண்மையிலேயே வழங்கிவந்த ந்சிபிடி எழுத்து அந்தக் கதையில் மந்திர எழுத்தாகிறது. நடை எளிமையானது, வேகமானது. இரண்டு தொடர்ச்சிகளும் வந்துவிட்டன.

என். கே. ஜெமிசினின் 'ப்ரோக்கன் எர்த்' மூன்று நூல்களும் (2015 முதல் 2017 வரை) பெரியவர்களுக்கானவை. முதலில் நீங்களே படிக்க வேண்டும் என்று இதைச் சொல்கிறேன். நிலநடுக்கத்தை அடக்கவும் எழுப்பவும் வல்ல மக்கள் சிலர் அங்கே இருக்கிறார்கள். அவர்களால்தான் ஊர்கள் பிழைத்திருக்கின்றன. ஊரோ அவர்களை இழிசொல்லால் அழைத்து, குழந்தையிலேயே பிடித்துப்போய், பழக்கி, வேலைவாங்குகிறது, அல்லது அடித்துக் கொல்கிறது. மகனைப் பறிகொடுத்த ஒரு தாய், கணவன் கொண்டுபோன மகளைத் தேடி நடக்கிறாள். யாருடைய உழைப்பில் நாடு நிற்கிறதோ அவர்களுக்கே அந்த நாட்டில் இடமில்லை என்பதைக் கரும்புத் தோட்டத்துப் பேரப்பிள்ளைகளான நாம் விளக்கவுரை இல்லாமல் புரிந்துகொள்வோம். முதல் நூலில் அந்தத் தாயின் பகுதி படிப்பவரையே 'நீ' என்று அழைத்துச் சொல்லப்படுகிறது. ஐம்பது பக்கம் வரை அது உறுத்தும், பிறகு அதற்கான காரணம் புரியும்போது நெஞ்சை உலுக்கும். அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் வழங்கப்படும் ஹியூகோ விருதை, சிறந்த நாவலுக்கான பிரிவில், 2016, 2017, 2018 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து இந்த மூன்று நூல்களும் பெற்றன. அதற்கு முன் யாருக்கும் அப்படி அமைந்ததில்லை. விருதைப் பார்த்து நூல் வாங்குவது என் பழக்கமன்று. இங்கே மட்டும் விருது சரியான கதவைத் தட்டியது.

ஃபிலிப் புல்மனின் 'ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்' (1995 முதல் 2000 வரை) மூன்று நூல்களையும் தயங்காமல் கொடுங்கள். ஒவ்வொரு மனிதரின் ஆன்மாவும் ஒரு விலங்கு வடிவில் கூடவே நடந்து வருகிறது. அதை அறுத்தெடுத்தால் குழந்தை என்ன ஆகும் என்பதே முதல் நூலின் அச்சம். திருச்சபையைக் கடுமையாகச் சாடும் நூல் என்பதால், உறவினரில் கிறித்தவர்கள் இருக்கும் வீட்டில் அதைப் பற்றிப் பேசிக்கொள்வது நல்லது. சி. எஸ். லூயிஸின் நார்னியா நூல்கள் ஏழும் அவள் வயதுக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். அவற்றில் தென்திசைக் கருநிற அரசை அவர் வரைந்த விதம் எனக்கு உவப்பாக இல்லை.

தோழிகள் கட்டாயம் சொல்லியிருக்கக் கூடிய பெயர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். முதல் நூலான 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' 1996இல் வந்தது. ஐந்தாவது நூல் 2011இல் வந்தது. அதன் பிறகு ஆறாவது வரவேயில்லை. தொலைக்காட்சித் தொடர் 2019இல் தன்போக்கில் முடிந்துவிட்டது. முதல் மூன்று தொகுதிகளின் கட்டுமானம் மிகவும் உயர்ந்தது; ஒருவன் தன் நேர்மைக்காகவே அழிவதையும், சபதம் ஒன்று எத்தனை உயிரைக் குடிக்கும் என்பதையும் அவரளவுக்கு எழுதியவர்கள் குறைவு. ஆனால் அதில் வரும் பாலியல் வன்முறையை 15 வயதுப் பிள்ளைக்கு நான் கொடுக்கமாட்டேன். பெரியவர்கள் படிக்கலாம், முடிவு இல்லை என்பதை அறிந்தே படிக்க வேண்டும். பாட்ரிக் ராத்ஃபஸின் 'தி நேம் ஆஃப் தி விண்ட்' (2007) பற்றியும் இதையே சொல்வேன். அழகான ஆங்கில நடை, 2011இல் இரண்டாம் நூல், மூன்றாவது இல்லை. மேடை போட்டு, பாட்டுக் கட்டி, கூட்டத்தை உட்காரவைத்த பின் விடியுமுன்பே விளக்கை அணைத்துவிட்ட கூத்தை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் மன்னித்ததில்லை.

ராபர்ட் ஜோர்டனின் 'தி வீல் ஆஃப் டைம்' 1990இல் தொடங்கியது. 14 பெரிய தொகுதிகள், 40 லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். ஆசிரியர் 2007இல் காலமானார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் கடைசி மூன்று தொகுதிகளை எழுதி 2013இல் நிறைவுசெய்தார். இதன் உலகில் ஆண்கள் மந்திரத்தைத் தொட்டால் காலப்போக்கில் பித்துப்பிடிக்கும். நாயகனே அப்படிப்பட்டவன் என்பதால் என் அளவுகோலின்படி இது தகுதியுள்ள கதைதான். ஆயினும் எட்டு முதல் பத்து வரையிலான தொகுதிகளில் கதை நகராமல் நின்றுவிடுகிறது. பல்கலைக்கழக விடுமுறை கிடைக்கும் வயதில் படிக்கட்டும். சாண்டர்சனின் சொந்தத் தொடர்களில் 'மிஸ்ட்பார்ன்' முதல் மூன்று நூல்கள் (2006 முதல் 2008 வரை) முழுமையானவை. எந்த உலோகத்தை விழுங்கினால் எந்த ஆற்றல் வரும் என்று கணக்குப்போல் அமைத்திருக்கிறார். கணக்கு பிடித்த பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடிக்கும். எனக்கு அந்த விதிகள் தெளிவாகவும் மனிதர்கள் சற்று மங்கலாகவும் தெரிகிறார்கள்.

ராபின் ஹாப் எழுதிய ஃபிட்ஸ் என்ற அரண்மனைச் சிறுவனின் கதையை ('அசாசின்ஸ் அப்ரெண்டிஸ்', 1995) பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கிறேன். 2017 வரை 16 நூல்களாக விரிந்து, முறையாக முடிந்த உலகம் அது. டெர்ரி பிராட்செட்டின் 'டிஸ்க்வேர்ல்ட்' 41 நாவல்கள் கொண்டது. அந்த எண்ணிக்கையைப் பார்த்து அஞ்ச வேண்டாம், பெரும்பாலானவற்றைத் தனியாகவே படிக்கலாம். 'ஸ்மால் காட்ஸ்' (1992) என்ற நூலில் ஒரு பெரிய தெய்வம் ஆமையாகச் சுருங்கிப்போகிறது, ஏனென்றால் ஆயிரக்கணக்கானோர் கும்பிட்டும் அதை உள்ளபடி நம்புகிறவன் ஒரே ஒருவன்தான். கோயில் நிர்வாகத்தில் பொறுப்பேற்கும் எவரும் படிக்க வேண்டிய நூல் என்று நான் மனமார நினைக்கிறேன்.

வரலாறு படிக்கட்டும் என்று உங்கள் அண்ணன் சொல்வதை நான் மறுக்கவில்லை. கெட்டின் கதையைப் படித்து முடித்தவளிடம் நம் கப்பல் பட்டியலைப் பற்றிச் சொல்லுங்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், எண் என்று அவள் கேட்கும் கேள்விகள் தாமாகவே வரும். தமிழ்ப் பாடம் பற்றிய அவருடைய கவலைக்கும் வழி இருக்கிறது. விக்கிரமாதித்தனும் வேதாளமும் கதைகளைத் தமிழில் வாங்கிக்கொடுங்கள். 1947இல் தொடங்கிய அம்புலிமாமா அவற்றை எளிய, சுத்தமான வாக்கியங்களில் எத்தனையோ தலைமுறைக்குக் கொண்டுசேர்த்தது. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சொன்னால் மௌனம் கலைந்து வேதாளம் முருங்கை மரத்துக்குப் போய்விடும். இரண்டு வழியிலும் இழப்புதான் என்று தெரிந்தே அரசன் ஒவ்வொரு முறையும் நியாயத்தைச் சொல்கிறான். எர்த்ஸீயைப் படித்தவளுக்கு அந்த அரசன் புதிதாகத் தெரிவான். தமிழ் நன்கு கைவந்த பிறகு, ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை மகாபாரதத்தை 26 நாவல்களாக எழுதிய 'வெண்முரசு' காத்திருக்கிறது. வார இறுதி வகுப்புத் தமிழுக்கு அது இப்போது மிகவும் கடினம்.

நடைமுறையாக ஒரு சொல். எர்த்ஸீ நூல்கள் அனைத்தையும் ஒரே தொகுப்பாக, படங்களோடு 2018இல் வெளியிட்டிருக்கிறார்கள். அழகான பதிப்புதான், ஆனால் விலையும் எடையும் அதிகம். படுத்துக்கொண்டு படிக்க முடியாது. பழைய புத்தகக் கடையில் முதல் நூலை மட்டும் தாள் அட்டைப் பதிப்பாக வாங்குங்கள். முதல் அத்தியாயத்தை இரவு உணவுக்குப் பிறகு நீங்களே உரக்கப் படித்துக்காட்டுங்கள், மாமாவும் பக்கத்தில் உட்காரட்டும். கெட்டுக்குப் பெயர் வைக்கும் சடங்கு அந்த அத்தியாயத்தின் முடிவில்தான் வருகிறது. குளிர்ந்த ஆற்றைக் கடந்து கரையேறும் சிறுவனின் காதில் கிழவர் ஒருவர் அந்தப் பெயரை மெல்லச் சொல்கிறார். அந்த இடம் வரை படித்துவிட்டு நூலை அவள் கையில் கொடுத்துவிடுங்கள்.